மூன்று வாரத்து ஊசி

பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஊசி உள்ளே போய் முடிந்தது. இனி பத்து நாற்பத்திரண்டு வரை டாக்டர் ஆவுடையப்பனுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. இருபத்தைந்து வருஷமாக டாக்டராக இருக்கிற மனுஷனுக்கு அதைவிடச் சிரமமான வேலை வேறு இல்லை. எழுதச் சொன்னால் எழுதலாம், தைக்கச் சொன்னால் தைக்கலாம், சர்க்கரை கூடியவர்களைத் திட்டச் சொன்னால் நாள் முழுக்கத் திட்டலாம். ஒரு பிள்ளையின் முகத்தை அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிரு என்றால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. மகிஷா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. ஊசி போட்ட இடத்தில் அவள் அம்மா சண்முகக்கனி பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் ஸ்டூலில் ஜெபக்கனி சிஸ்டர், மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தபடி. ஜன்னலுக்கு வெளியே விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சங்கரன்கோவிலில் அந்தச் சத்தம் நின்றால்தான் ஜனங்கள் என்னவோ ஏதோ என்று வெளியே எட்டிப் பார்ப்பார்கள். பென்சிலின். அவருடைய கிளினிக்கில், பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம், பென்சிலின். 'இங்கு பென்சிலின் ஊசி போடப்படமாட்டாது' என்று அவரே பெயிண்டரை வரவழைத்து எழுத வைத்த போர்டு ஹாலில் இன்னும் தொங்குகிறது. காலையில் வந்து பார்த்தால் அதன்மேல் ஒரு நகைக்கடைக் காலண்டர் மாட்டியிருந்தது. யார் மாட்டியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் ஜெபக்கனி, ஆணி அங்கனதான் சார் இருந்திச்சு என்பார்.

பத்து பதினைந்து. மூன்று நிமிஷம் ஆயிற்று. கொம்பையா மூன்று நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனசுக்குள் சொல்லாத வாரமில்லை. இதே அறைதான், அப்போது கட்டில் அந்த மூலையில் கிடந்தது. கிளினிக் திறந்த முதல் வருஷம். கொம்பையாவுக்கு இருபத்தாறு வயது, லாரி ஷெட்டில் வேலை, கல்யாணமாகி நாலு மாசம். சின்ன வயசில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது மூட்டை விட்டுவிட்டு இதயத்தைப் பிடித்துக்கொண்டு, வால்வு மோசமாகி, மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். படியேறினால் மூச்சு வாங்கும். அதுவரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்த ஊசி. டெஸ்ட் டோஸ் போட்டு அரை மணி பார்த்தாயிற்று, கையில் ஒரு தடிப்புகூட இல்லை. அப்புறம்தான் போட்டார். போட்டுப் பஞ்சை வைத்தார். 'சார், ஒரு மாதிரியா வருது' என்றான். அவ்வளவுதான் அவன் பேசியது. அவன் பெண்டாட்டி பச்சை வயர்க்கூடை வைத்திருந்தாள். கூடைக்குள் ஒரு தூக்குச் சட்டியும் மஞ்சள் துண்டும் இருந்தன. அவள் கழுத்தில் தாலிக்கயிறு இன்னும் மஞ்சள் வெளுக்காமல் இருந்தது. தூக்குச் சட்டியின் மூடியில் ஒரு நெளிசல். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நூல்கூட மங்கவில்லை. ஊரே அலர்ஜி என்றது, அவரும் அலர்ஜி என்றார். கொம்பையாவின் அப்பா வந்து, அவரை ஒரு வார்த்தை சொல்லாமல், மகனைத் தூக்கிக்கொண்டு போனார். சண்டை போட்டிருந்தால், கண்ணாடியை உடைத்திருந்தால்கூட அன்றைக்கே கொஞ்சம் தீர்ந்திருக்கும். மறுநாள் பெயிண்டர் வந்தான்.

அதற்கப்புறம் மருத்துவ சங்கக் கூட்டங்களில் யாராவது புதிதாகப் படித்து வந்த டாக்டர் எழுந்து, ஆராய்ச்சி இப்படிச் சொல்கிறது, சதவிகிதம் இவ்வளவு என்று ஆரம்பித்தால், ஆவுடையப்பன் பின்வரிசையிலிருந்து எழுந்திருப்பார். "பேப்பர்ல ஆயிரம் எழுதலாம் தம்பி. நான் கண்ணால பாத்தவன்" என்பார். கை தட்டுவார்கள். கண்ணால் பார்த்தவன் என்பதற்கு மேலே பேச்சு ஏது. தட்டினவர்களில் பாதிப் பேர் தங்கள் கிளினிக்கிலும் பென்சிலினை நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் ஆவுடையப்பன் கண்ணால் பார்த்திருக்கிறார். இப்படியாக ஒரு கொம்பையாவின் சாவு ஒரு தாலுகா முழுக்கப் பரவிற்று.  மகிஷாவின் தொண்டையை எட்டிப் பார்த்தார். மூச்சு சீராக இருக்கிறது. கன்னத்தில் தடிப்பு இல்லை. உதடு வீங்கவில்லை. "தொண்டை எதுவும் அடைக்கா பிள்ளே?" என்று நாலாவது தடவையாகக் கேட்டார். "இல்ல சார்" என்று நாலாவது தடவையாகச் சொன்னாள். ஐந்தாவது தடவை கேட்டால் பயத்திலேயே அடைத்துவிடும் என்று ஜெபக்கனியின் கண் சொல்லியது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

அலர்ஜி வந்தால் உடனே போட, தட்டில் அட்ரினலின் இழுத்து வைத்த சிரிஞ்ச் தயாராக இருந்தது. அன்றைக்கு இருந்ததா? அலமாரியில் இருந்தது. எடுக்க ஓடினார், ஆம்பூலை உடைக்கும்போது கண்ணாடி விரலில் கிழித்தது, அந்தத் தழும்பு இதோ. போட்டபோது பிரயோஜனமில்லாமல் போயிருந்தது. எங்கே விட்டோம்? மகிஷா. எட்டு மாசத்துக்கு முன்னால் சண்முகக்கனி இவளைக் கூட்டிக்கொண்டு இதே அறைக்கு வந்தாள், கையில் பெரியாஸ்பத்திரிக் கடிதம், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மருந்துக் குப்பி. மூட்டுக் காய்ச்சல் வந்த பிள்ளை, வால்வில் லேசான கசிவு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் மறுபடி வராது, வராவிட்டால் கசிவு அதிகமாகாது, பல வருஷம் போட வேண்டும், பக்கத்தில் உள்ள டாக்டர் தயவுசெய்து போடவும். தயவுசெய்து என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் திருநெல்வேலிக்குப் போய்வந்தால் தறி வேலையில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் போய்விடும். "மூணு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டோம் சார், எல்லாரும் போட மாட்டோம்ங்காவ" என்றாள். அவர் நாலாவது ஆஸ்பத்திரி. போர்டைக் காட்டினார். அன்பாகத்தான் காட்டினார், அதில் குறை சொல்ல முடியாது. ஊசிக்குப் பதிலாக மாத்திரை எழுதினார், தினம் ரெண்டு வேளை. மாத்திரையும் ஒரு வழிதான், ஒழுங்காகத் தின்றால். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தினம் ரெண்டு வேளை, வருஷக்கணக்கில், வலி ஒன்றும் இல்லாத நாளில் மாத்திரை தின்னும் என்று எந்தப் புத்திசாலி நம்புவான்? அவர் நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது.

போன திங்கட்கிழமை சண்முகக்கனி மறுபடி வந்தாள். பிள்ளைக்கு முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்திருந்தாள். பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். லேசான கசிவு என்பது நடுத்தரக் கசிவு ஆகியிருந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் மாறியிருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எந்த வரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "மாத்திரைய ரெண்டு மாசம் ஒழுங்காத்தான் குடுத்தேன் சார். பெறவு தறியில ஷிப்ட் மாறிட்டு. ஒரு நாளைக்கு ரெண்டு மட்டம் ஞாபகம் வைக்கதுக்கு எனக்கு மண்டை இல்ல. ஊசின்னா மூணு வாரத்துக்கு ஒருநா. அன்னைக்கு நான் எப்படியும் வந்துருவேன். நீங்க போட்டுருங்க சார்." கோபப்படவில்லை, அழவும் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல வந்தவள் மாதிரியே இல்லை. எட்டு மாசத்துக்கு முன்னால் தன்னைத் திருப்பி அனுப்பியவனிடம் திரும்பி வந்து, உன்னால்தான் இது என்று சொல்லாமல், என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வதற்கு எவ்வளவு திடம் வேண்டும். அவராக இருந்தால் போர்டைப் பிடுங்கித் தலையில் போட்டிருப்பார். ஒரு வாரம் டைம் கொடும்மா என்றார். தலையசைத்துவிட்டுப் போய், சரியாக ஒரு வாரத்தில், ஒன்பது மணிக்கு, குப்பியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பத்து இருபது. எட்டு நிமிஷம். தறிகள் ஓடுகின்றன. அந்த ஒரு வாரமும் அவர் படித்தார். பரீட்சைக்குப் படித்த மாதிரி படித்தார். ஒரு கட்டுரையில் பல நாடுகளில் போட்ட ஊசிகளை எண்ணியிருந்தார்கள். முப்பதாயிரத்துச் சொச்சம். கடுமையான ஒவ்வாமை நாலு பேருக்கு. மரணம் ஒன்று. அந்த ஒன்று என்ற எண்ணில்தான் கண் நின்றது. பார், ஒன்று இருக்கிறதே என்று மனசு முதலில் துள்ளியது, தன் கட்சிக்கு ஆள் கிடைத்த மாதிரி. அப்புறம் மெதுவாக மற்ற எண் பெரிதாகிக்கொண்டே போயிற்று. முப்பதாயிரம் ஊசி என்றால் முப்பதாயிரம் தடவை ஒருவர் குனிந்திருக்கிறார், ஒருவர் பல்லைக் கடித்திருக்கிறார், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஒன்றும் நடக்காததை யார் எழுதி வைப்பார்கள்? நடந்ததைத்தானே மனுஷன் ஞாபகம் வைக்கிறான். கொம்பையாவுக்கு முன்னால் அவர் கையாலேயே எத்தனை பேருக்கு இந்த ஊசி போட்டிருப்பார், படிக்கிற காலத்தில், வார்டில், நூறா, இருநூறா. ஒரு முகம்கூட ஞாபகமில்லை. அவர்களெல்லாம் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போனவர்களுக்கு அவர் அனுபவத்தில் இடமில்லை. இதை நினைத்தபோது அந்த முகம் தெரியாத ஆட்கள்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று சலிக்காமல் எழுதியவர்கள். கைதட்டல் கிடைக்காத வேலை. அப்படியானால் கொம்பையா? அவன் எந்த எண்ணிலும் இல்லை. அவர் எங்கேயும் எழுதவில்லை. போர்டுதான் எழுதினார்.

இன்னொரு கட்டுரையை வியாழக்கிழமை படித்தார். வால்வு ரொம்ப மோசமாகிப்போனவர்களுக்கு இந்த ஊசி போட்டவுடன் நேர்கிற சில மரணங்கள் அலர்ஜியாகவே இல்லாமல் இருக்கலாம்; பயம், வலி, வெறும் வயிறு, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது, நொந்துபோன இதயம் அதைத் தாங்காமல் போவது. அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையே மேல். மற்றவர்களுக்கு ஊசிதான், சாப்பிட வைத்து, தண்ணீர் கொடுத்து, படுக்க வைத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தார். கொம்பையாவுக்குக் கொடுத்திருக்க வேண்டிய மாத்திரையை, பத்தொன்பது வருஷம் கழித்து, இந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். செத்துப்போனவனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், உயிரோடு வந்து நிற்கிறவளை வைத்துக்கொண்டு. அலர்ஜியாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். கட்டுரை எழுதினவர்கள் எவ்வளவு கவனமாக அந்த வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள். அவர் ஒரு நாளும் போட்டதில்லை. படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா சார்?

அது ஜெபக்கனி கேட்ட கேள்வி. மூன்று மாசம் முன்னால், பெரியாஸ்பத்திரியில் ரிட்டயராகி இங்கே சேர்ந்த முதல் வாரத்தில், போர்டு ஏன் என்று கேட்டார், ஆவுடையப்பன் கதையைச் சொன்னார். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய கதை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்றெல்லாம் அதற்குப் பாதை விழுந்துவிட்டது. கேட்பவர்கள் அச்சச்சோ என்பார்கள். ஜெபக்கனி அச்சச்சோ சொல்லவில்லை. "படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு சிஸ்டர்" என்று எரிந்து விழுந்தார். அத்தோடு ஜெபக்கனி விட்டுவிட்டார், மறுபடி கேட்கவேயில்லை. கேள்விதான் விடவில்லை. பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

பத்து இருபத்தாறு. இன்றைக்கு ஜெபக்கனி ஊசி போட்டதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் புதன்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் போட்ட கை. முதலில் குப்பியைக் கையில் எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார், அதற்கு உடம்புச் சூடு வருகிற வரைக்கும். அதற்குள், "ஏட்டி, காலைல எத்தனை இட்லி தின்னே?" என்றார். ரெண்டு என்றாள் பிள்ளை. "பொய் சொல்லுதா, ஒண்ணுதான்" என்றாள் அம்மா. உடனே ஒரு பன்னும் ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரும் வந்தன. டாக்டர் காத்திருந்தார். பன்னைத் தின்று முடிக்கிற வரைக்கும் பென்சிலின் காத்திருந்தது. அப்புறம் படுக்க வைத்து, தடித்த ஊசியைக் குத்தி, மருந்தை அவ்வளவு மெதுவாகத் தள்ளினார், தள்ளுகிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. உன் பெஞ்சில யாரு இருப்பா, பக்கத்து பெஞ்சில யாரு, வகுப்பில நெட்டச்சி யாரு என்று கேட்டுக்கொண்டே தள்ளினார். எட்டாவது பெயர் சொல்லும்போது ஊசி வெளியே வந்துவிட்டது. ஆவுடையப்பனுக்கு இந்த மருந்தின் வேதியியல் தெரியும், அது எந்தக் கிருமியின் எந்தச் சுவரைத் தாக்கும் என்று படம் போட்டுக் காட்டுவார். பிள்ளையின் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியிருக்காது. என்ன கை, என்ன நிதானம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த மூன்று நிமிஷமும் அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் இதுவும் அனுபவம்தானே என்று அவருக்குள் இருந்த பழைய கூட்டப் பேச்சாளர் முணுமுணுத்தார். ஜெபக்கனி என்ன கட்டுரை படித்தா உருட்டுகிறார்? இல்லை. ஆனால் அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நீளமான கோடு போட்ட நோட்டு, அளவுகோல் வைத்துக் கட்டம் அடித்தது. பெயர், வயது, தேதி, டெஸ்ட் டோஸ், சாப்பிட்டதா, படுத்தா உட்கார்ந்தா, நாடி, அரை மணி கழித்து. பெரியாஸ்பத்திரியில் இப்படி எத்தனை நோட்டு என்று கேட்டார். "ஒம்போதோ பத்தோ சார். அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன். ஒரு தடவ யாரோ ஆராய்ச்சிக்குன்னு கேட்டாங்க, எல்லாத்தையும் எண்ணி எழுதிக் குடுத்தோம். எந்த ஊருக்குப் போச்சோ தெரியாது" என்றார். சாதாரணமாகச் சொன்னார், குழம்பு கொதித்துவிட்டது என்பதுபோல. அவர் இரவெல்லாம் மதித்து வியந்த முகம் தெரியாத ஆட்களில் ஒருவர் அவருடைய கிளினிக்கிலேயே மூன்று மாசமாகப் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அனுபவம் என்று அவர் ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டிருந்தார். இவர் இருபத்திரண்டு வருஷப் புதன்கிழமைகளை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்திலும் எழுந்து பேசவில்லை.

பத்து முப்பத்தொன்று. "எம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள் மகிஷா. "எந்திரிக்காத பிள்ளே, கட்டில்லயே பாத்திரம் தாரேன்" என்று ஜெபக்கனி அலமாரிப் பக்கம் திரும்பினார். ஆம்பளை டாக்டரை வைத்துக்கொண்டு பாத்திரமா என்று பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. சடாரென்று தானே எழுந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். பஞ்சு கீழே விழுந்தது. வெள்ளை விரிப்பில் பொட்டளவு ரத்தம். அதைப் பார்த்தாள். பார்த்த கண் அங்கேயே நின்றது. முகத்திலிருந்து நிறம் இறங்கியது, யாரோ துணியால் துடைத்தெடுத்த மாதிரி. "சார், ஒரு மாதிரியா வருது" என்றாள்.

அதே வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாறாமல் அதே வார்த்தை. தறிச் சத்தம் நின்றுவிட்டதா, அவர் காது நின்றுவிட்டதா, பச்சை வயர்க்கூடை, தூக்குச் சட்டி மூடியில் நெளிசல், பிள்ளையின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக, ஐயோ இந்தப் பிள்ளையும், சண்முகக்கனி "ஏ மகிஷா, ஏ மகிஷா" என்கிறாள். அவருடைய ரெண்டு கையும் அவரைக் கேட்காமலே போய்ப் பிள்ளையின் தோளைப் பிடித்து, விழுந்துவிடாமல் நிமிர்த்தி, ஒரு கை பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டு, உட்கார வைத்து, காற்று வரட்டும், காற்று வரட்டும். கைக்கு இது ஏற்கெனவே தெரிந்த வேலையாக இருந்தது. பின்னந்தலையின் கனம் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது. இதைச் செய்திருக்கிறார். இதே மாதிரி. நின்று ஊசி போட்டுக்கொண்டு சரிந்தவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, விசிறும்மா விசிறு என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லி. உட்கார்ந்திருந்தான் சிஸ்டர். நான்தான் உட்கார வைத்தேன். "படுக்க வைங்க சார்" என்று ஜெபக்கனி சொன்னார், சத்தம் போடாமல். "சார். படுக்க வைங்க. நாடி பாருங்க."

படுக்க வைத்தார். விரல் மணிக்கட்டுக்குப் போயிற்று. மற்ற கை தட்டிலிருந்த சிரிஞ்சை எடுத்துவிட்டது. போடு, போடு, யோசித்துக்கொண்டிருந்தால் போய்விடும் என்று பத்தொன்பது வருஷம் கத்தியது. விரலின் கீழே முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒன்று. அப்புறம், ரொம்ப நேரம் கழித்து, இன்னொன்று. மெதுவாக, அழுத்தமாக, தனித்தனியாக. அலர்ஜி என்றால் நாடி ஓடும், வேகமாக, நூல் மாதிரி மெலிந்து ஓடும். இது ஓடவில்லை. உடம்பைப் பார்த்தார், தடிப்பு இல்லை. உதடு சாதாரணம். காதை நெஞ்சருகே கொண்டுபோனார், மூச்சில் சீட்டி இல்லை. ஐம்பது, நிமிஷத்துக்கு ஐம்பது இருக்கும். ரத்தம் பார்த்து வருகிற மயக்கம். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் விழுகிற பிள்ளைக்கு வருகிறதே, அதே மயக்கம். "காலைத் தூக்குங்க" என்றார். சொல்வதற்கு முன்னாலேயே ஜெபக்கனி ரெண்டு காலையும் தூக்கித் தன் தோளில் வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு. அவர் வாழ்க்கையில் எத்தனையோ நாடி பார்த்திருக்கிறார், ஒரு நாடியை இப்படிக் கும்பிட்டுக்கொண்டு பார்த்ததில்லை. அறுபத்தாறு. உதட்டில் நிறம் ஊறியது. எழுபது. மகிஷா கண்ணைத் திறந்து, தன் கால் சிஸ்டர் தோளில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "எம்மா, ஒண்ணுக்கு" என்றாள். சண்முகக்கனி அப்போதுதான் அழுதாள். எட்டு மாசத்து அழுகை, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். ஆவுடையப்பன் சிரிஞ்சைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.  

அப்புறம் பதினோரு நிமிஷமும் அவர் மணிக்கட்டை விடவில்லை. ஜெபக்கனி பாத்திரம் வைத்தபோது மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், விரலை எடுக்கவில்லை. நாடி எழுபத்திரண்டில் நின்று சீராக நடந்தது. அது நடக்க நடக்க ஒரு கேள்வி கூடவே நடந்தது. கொம்பையாவின் நாடி எப்படி இருந்தது? ஓடியதா, நின்று நின்று வந்ததா? ஞாபகத்தைத் தோண்டினார். கூடை வந்தது, துண்டு வந்தது, தாலிக்கயிறு வந்தது, ஆம்பூல் கிழித்த விரல் வந்தது. மணிக்கட்டு வரவில்லை. எவ்வளவு தோண்டினாலும் கொம்பையாவின் மணிக்கட்டு வரவில்லை, ஏனென்றால் அவர் அதைத் தொடவே இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டிருந்த கை, அப்புறம் அலமாரிக்கு ஓடிய கை. கண்ணால் பார்த்தேன், கண்ணால் பார்த்தேன் என்று எத்தனை கூட்டத்தில் சொன்னார். என்னத்தைப் பார்த்தார்? கூடையைப் பார்த்தார். படுக்க வைத்திருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. அவன் இதயம் அவ்வளவு மோசம், ஒருவேளை அப்போதும் போயிருப்பான். ஒருவேளை அலர்ஜியேதான். தெரியாது. இந்தத் தெரியாது என்பதை அன்றைக்கே சொல்லியிருந்தால் போதும், போர்டு வந்திருக்காது.

பத்து நாற்பத்திரண்டு. "அரை மணி ஆயிட்டு சார்" என்று ஜெபக்கனி சொன்னார். மகிஷாவை மெதுவாக உட்கார வைத்து, அப்புறம் நிற்க வைத்து, அப்புறம் நடக்க வைத்தார்கள். பிள்ளை தாங்கித் தாங்கி நடந்தாள், ஊசி அப்படி. "அடுத்தது இருபத்தோரு நாள்ல. திங்கக்கிழமை வருது" என்று அட்டையில் எழுதிக்கொடுத்தார். சண்முகக்கனி அட்டையை வாங்கிக்கொண்டு நின்றாள். "மயக்கம் வந்துட்டுன்னு நிப்பாட்டிர மாட்டீங்கள்லா சார்?" என்றாள். அவளுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. "நிப்பாட்ட மாட்டேன்மா. நான் இல்லன்னாலும் சிஸ்டர் போடுவாங்க. ரெண்டு இட்லி தின்ன வச்சுக் கூட்டிட்டு வா" என்றார். "மூணு தின்ன வைக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜெபக்கனி நோட்டை எடுத்து இன்றைய வரியை நிரப்பினார். கடைசிக் கட்டத்தில், 'எழுந்து உட்கார்ந்து ரத்தம் பார்த்ததில் மயக்கம், நாடி 50, கால் தூக்கியதும் சரி' என்று பொடி எழுத்தில் நுணுக்கி எழுதினார். தான் அலமாரிப் பக்கம் திரும்பின நேரம் என்பதையும் எழுதினார், தன் குறையையும் விடாமல். ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நோட்டைக் குடுங்க சிஸ்டர்" என்றார். வாங்கி, அடுத்த வரியில் பேனாவை வைத்தார். பெயர்: கொம்பையா. வயது: 26. டெஸ்ட் டோஸ்: சரி. சாப்பிட்டதா: இல்லை, தூக்குச் சட்டியைத் திறக்கவில்லை. படுத்தா உட்கார்ந்தா: நின்றுகொண்டு போட்டேன், பிறகு உட்கார வைத்தேன். நாடி என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஹாலில் யாரோ இருமினார்கள், டோக்கன் எத்தனை ஓடுது என்று யாரோ கேட்டார்கள். 'பார்க்கவில்லை' என்று எழுதினார். அரை மணி கழித்து என்ற கட்டத்தில் எழுத வேண்டியதை எழுதினார். ஜெபக்கனி நோட்டைத் திருப்பி வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்க வாசித்தார். அச்சச்சோ என்று இப்போதும் சொல்லவில்லை. "தேதி விட்டுப் போச்சு சார்" என்று கட்டத்தைக் காட்டினார். ஆவுடையப்பன் யோசிக்காமல் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியை எழுதினார், கிழமையையும் சேர்த்து.